நயினாதீவு ஒருநாள் யாத்திரை: படகு நல்லது, வழிகாட்டல் போதாது

தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகரும் வடக்கின் தமிழ் அடியாரும் ஒரே பலகையில் தோள் முட்ட உட்காரும் இடங்கள் இலங்கையில் அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் (தீவுக் கூட்டத்தில்), குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நயினாதீவுக்கும் இடையே ஓடும் மரப்படகு அப்படியோர் இடம். ஒரு பக்கம் வெள்ளை உடுத்து, பூக்கூடையோடு நாகதீப விகாரைக்குப் போகிறவர்கள். எதிர்ப்பக்கம் அருச்சனைச் சாமான்களோடு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஏறத்தாழ 20 நிமிடம் எல்லாரும் ஒரே ஆட்டத்தில் ஆடுகிறார்கள். பிறகு இறங்கி, இரண்டு வரிசையாகப் பிரிந்து போய்விடுகிறார்கள்.

இந்தப் பயணத்தை நல்லிணக்கச் சுற்றுலா என்று சொல்லி விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு இது பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பயணம் கட்டாயம் போகத்தக்கது. ஆனால் இன்று பெரும்பாலும் நடத்தப்படும் முறையில், இருதரப்பாரையும் ஒரே படகில் ஏற்றும் வேலை மட்டுமே நடக்கிறது. ஒருவரை ஒருவர் அறியச் செய்யும் வேலை நடக்கவில்லை. அதற்கான பொருள் அத்தனையும் அந்தத் தீவிலேயே கிடக்கிறது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

முதலில் போகும் வழி. யாழ்ப்பாணம் மத்திய பேருந்து நிலையத்திலிருந்து 776ஆம் இலக்கப் பேருந்து குறிகட்டுவானுக்குப் போகிறது. தூரம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். காலை 7 மணிக்குள் புறப்பட்டுவிடுவது நல்லது. 10 மணிக்குப் பிறகு தெற்கிலிருந்து வரும் பெரிய பேருந்துகள் இறங்குதுறையை நிறைத்துவிடும், படகு வரிசை நீளும், வெயிலும் ஏறிவிடும். பாதை பண்ணைப் பாலத்தில் தொடங்கி அல்லைப்பிட்டி, வேலணை வழியே வாணர் தாம்போதியில் (கடலின் ஊடே போட்ட சாலை) கடலைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைகிறது. தாம்போதியில் இருபுறமும் ஆழமில்லாத நீர். நல்ல காற்றுள்ள நாளில் இந்தப் பகுதி ஒன்றுக்காகவே பேருந்தில் போகலாம்.

வாடகை வாகனத்தில் போனால் அரைமணி நேரம் மிச்சமாகலாம். ஆனாலும் பேருந்தையே பரிந்துரைக்கிறோம். அதில் தீவகத்து ஆட்கள் ஏறுகிறார்கள், சந்தைக்குப் போய் வருகிறவர்கள் ஏறுகிறார்கள். புங்குடுதீவில் ஓடு கழன்று, கூரைக்குள் மரம் முளைத்த கல்வீடுகள் வரிசையாக வரும்போது "ஏன் இப்படி?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். அந்த வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ பிரான்சிலோ இருக்கிறார், எந்த ஆண்டு ஊரைவிட்டுப் போனார் என்பதுவரை தெரியவரும். குளிரூட்டிய பேருந்தின் திரைக்குப் பின்னால் இருந்து பார்ப்பவருக்கு அவை வெறும் பாழ்வீடுகள்தான். போர் ஒரு ஊருக்கு என்ன செய்தது என்பதை எந்த நினைவுச்சின்னத்தையும்விட அந்த வீடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் தாண்டிப் போகும் சுற்றுலா தன் முதல் வாய்ப்பை அங்கேயே இழந்துவிடுகிறது.

குறிகட்டுவானில் இரண்டு வகைப் படகுகள் நிற்கும். நயினாதீவுப் படகு, நெடுந்தீவுப் படகு. முதன்முறை போகிறவர்கள் அவசரத்தில் மாறி ஏறிவிடுவதுண்டு. நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும், அன்றைய திட்டம் முழுவதும் குலைந்துவிடும். ஏறுமுன் வாய்விட்டுக் கேளுங்கள். "நாகதீப" என்றாலும் "நயினாதீவு" என்றாலும் ஒரே இடம்தான். இந்த இரட்டைப் பெயர்கூடத் தெரியாமல், நாகதீபம் வேறொரு தீவு என்று நினைத்து நிற்கும் தமிழ்நாட்டுப் பயணிகளும், நயினாதீவு வேறு என்று நினைக்கும் தெற்கத்திப் பயணிகளும் இருக்கிறார்கள்.

இந்தத் துறைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் தமிழ்ப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தது கடற்படையினர் என்பது தப்பியவர்களின் வாக்குமூலம். தீவகத்தில் இதை அறியாத வீடு இல்லை. தெற்கிலிருந்து வருகிறவர்களில் அறிந்தவர் மிகக் குறைவு. யாத்திரைக்கு வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் முதியவள் ஏன் கடற்படைச் சீருடையைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறாள் என்பது விளங்காமல், "தமிழர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்" என்ற எண்ணத்தோடு ஒருவர் ஊர் திரும்பினால், அந்தப் பயணம் நன்மையைவிடத் தீமையே செய்திருக்கிறது.

படகு. தாழ்ந்த கூரையுள்ள மரப்படகு. படியில் குனிந்து இறங்கி உள்ளே உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் மூச்சடைப்பு உள்ளவர்களும் வாசலோரமாக இடம் பிடிக்க வேண்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் டீசல் புகை குமட்டும். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் போடும்போது கழுத்து வழியே நழுவாதபடி பட்டியை இறுக்குங்கள். மே முதல் செப்டம்பர்வரை சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று). கடல் ஆழமில்லாவிட்டாலும் படகு பக்கவாட்டில் ஆடும். வெறும் வயிற்றிலும் போகக்கூடாது, வயிறு முட்டத் தின்றும் போகக்கூடாது. நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்று மழையோடு வரும், சில நாட்களில் படகு ஓடாது. தை முதல் சித்திரைவரை கடல் அமைதி. கட்டணத்துக்குச் சில்லறை நோட்டுகளாகக் கொண்டுபோக வேண்டும். பெரிய நோட்டை நீட்டினால் வரிசையே நின்றுவிடும்.

சந்திப்பு என்ற அளவுகோலில் இந்தப் படகுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். இரு குழுக்கள் சந்தித்தால் மட்டும் வெறுப்புக் குறையாது. சந்திப்பில் இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொது நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து செயற்பட வேண்டும், பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும். படகில் முதலிரண்டும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. அங்கே முதல் வகுப்பு இல்லை, எல்லாரும் கும்பிடத்தான் போகிறார்கள். மூதாட்டி இறங்கும்போது கை கொடுப்பது, குழந்தையை வாங்கிப் பிடிப்பது என்று சின்னச் சின்ன ஒத்துழைப்பும் நடக்கிறது. மொழி தெரியாதவர்களுக்கும் "அம்மா", "அக்கா" இரண்டும் இரு மொழியிலும் ஒன்றே. ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். சிங்களப் பிள்ளை "தாத்தா" என்று கூப்பிட்டால் தன் அப்பாவைக் கூப்பிடுகிறது. "ஸ்துதி" என்றால் நன்றி, "வத்துர" என்றால் தண்ணீர். இந்த நான்கைந்து சொல்லோடு போனாலே பலகையின் மறுபக்கம் திறந்துகொள்ளும்.

தீவில் விகாரைப் பக்கமும் கோயில் பக்கமும் இறங்கலாம். எந்தப் பக்கம் விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே கரையோரமாகப் பத்து, பதினைந்து நிமிட நடை. எங்கள் பரிந்துரை, விகாரைக்கு முதலில் போய்விட்டு நண்பகல் பூசைக்குக் கோயிலுக்கு வருவது. விகாரையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, இதில் தெரியாமல் தவறுகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். இங்கே தயங்கி வெளியிலேயே நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் தெற்கத்தி இளைஞர்கள். ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி முதல்நாளே அறிவித்திருந்தால் அந்தத் தயக்கம் இருக்காது. இப்படிச் சின்ன விஷயத்தில் கோட்டைவிடுவதுதான் பல சுற்றுலா ஏற்பாடுகளின் வழக்கம்.

இனி, இந்தத் தீவின் பெருஞ்செல்வம். இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான பாளி மகாவம்சத்தின்படி, ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் புத்தர் நாகதீபத்துக்கு வந்தார். மணிகள் பதித்த ஓர் ஆசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்கள் படைதிரட்டி நின்றார்கள். ஒருவர் மாமன், மற்றவர் மருமகன். புத்தர் நடுவே தோன்றிப் போரை நிறுத்தினார், ஆசனம் அவருக்கே காணிக்கையானது. வெள்ளை உடுத்து வரும் ஒவ்வொரு யாத்திரிகருக்கும் இது பாடசாலைக் காலத்திலிருந்தே தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது, இதே கதை தமிழில் மணிமேகலையிலும் இருக்கிறது என்பது. மணிபல்லவத் தீவில் ஒரு பீடிகை. நாகநாட்டு மன்னர் இருவர் "இது எமது" என்று வந்தார்கள். அதைத் தூக்கவும் அவர்களால் ஆகவில்லை, பற்றை விடவும் ஆகவில்லை. போர் மூண்டபோது புத்தர் வந்து விலக்கி, அதன்மேல் அமர்ந்து அறம் சொன்னார். மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள், ஒப்பாதவர்களும் உண்டு. எப்படியானாலும், இரு மொழியின் பழைய நூல்களும் ஒரே சண்டையையும் ஒரே சமாதானத்தையும் சொல்கின்றன. தமிழ்ப் பயணிகளிலும் பாதிப் பேருக்கு இது தெரியாது. பௌத்தம் ஒருகாலத்தில் தமிழரின் சமயமாகவும் இருந்தது, காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் விகாரைகள் இருந்தன என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விளைவு, வடக்கில் பழைய தாதுகோபம் (பௌத்தத் தூபி) எங்கே கண்டாலும் தெற்கிலிருந்து வந்தவர் "இது எங்கள் ஊர்" என்கிறார், உள்ளூர்க்காரர் "நிலத்தைப் பிடிக்க வருகிறார்கள்" என்று அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய தாதுகோபங்கள் உள்ள கந்தரோடைக்குப் போகும் சுற்றுலாக்கள் இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் இடறுகின்றன.

இரண்டாவது செல்வம் கல்லில் இருக்கிறது. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. கல்வெட்டின் மொழி தமிழ். பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்து விளக்கியது. பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. ஒரு சிங்கள மன்னன் வடகரையில் வந்திறங்குவோருக்குத் தமிழில் சட்டம் எழுதி நிறுத்தியிருக்கிறான்! 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்த 1956 முதல் மொழியின் பெயரால் இந்த நாடு பட்ட பாட்டை அறிந்த எவரும் இந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் போகமாட்டார்கள். ஆனால் சுற்றுலாக் குழுக்களில் பத்தில் ஒன்றுக்குக்கூட இதைக் காட்டுகிறவர் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு வசதி போதும். கல்வெட்டின் சாரம் மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை, அதைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர்.

மூன்றாவது, சோறு. கோயிலின் அன்னதானம் அமுதசுரபியின் பெயரால் நடக்கிறது. மணிமேகலைக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்தது மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில், வைகாசி விசாக நாளில். அதுவே புத்தர் பிறந்த நாள் என்கிறது காப்பியம், சிங்களத்தில் வெசாக். நண்பகல் பூசை முடிந்ததும் பந்தி. வந்தவர் யார் என்று கேட்பதில்லை. தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட வேண்டும், வேண்டிய அளவு மட்டும் கேட்டு வாங்க வேண்டும், இலையில் சோற்றை விட்டு எழக்கூடாது. முடிந்ததைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். எங்கள் கணிப்பில் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த அரைமணி நேரம் இதுதான். படகில் அருகருகே உட்கார்வது தற்செயல், பந்தியில் ஒருவர் கையால் மற்றவர் சோறு வாங்குகிறார்.

அந்த அரைமணி நேரத்தைத்தான் பெரிய பேருந்துக் குழுக்கள் இழக்கின்றன. இரண்டு மூன்று நாள் வந்தனாப் பயணமாக (பௌத்தத் தல யாத்திரையாக) வருகிறவர்கள் அரிசி, பானை, சமையற்காரர் எல்லாவற்றையும் கூடவே கொண்டுவருகிறார்கள். வழியோரம் சமைத்து, தங்கள் பேருந்தில் இருந்தவர்களோடு மட்டுமே சாப்பிட்டு, தங்கள் மொழியிலேயே எல்லாம் பேசி, நல்லூர், நாகதீபம், கீரிமலை, சம்பில்துறை என்று ஒரே நாளில் ஓடிமுடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பலர் ஆண்டு முழுவதும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வருகிறவர்கள், வெளிச்சாப்பாடு கட்டுப்படியாகாது. ஆனால் ஏற்பாட்டாளர் ஒரே ஒரு வேளைச் சோற்றையாவது உள்ளூரில் ஒழுங்கு செய்யலாம். பணம் தீவில் தங்கும், முகங்களும் தங்கும். வரும் கூட்டத்தால் உள்ளூருக்குக் குப்பையும் நெரிசலும் மட்டுமே மிஞ்சினால், நல்லிணக்கம் என்ற சொல்லே கசந்துபோகும். தீவில் நல்ல தண்ணீர் அருமை. ஆளுக்கு இரண்டு லீற்றராவது கொண்டுபோய், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இன்னும் மோசமான ஒரு வகை உண்டு. போர் முடிந்த 2009க்குப் பின், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி முழுவதும் போர்ச் சின்னங்களைக் காட்டியபடி வரும் பயணங்கள். வென்றவரின் கதையை வென்றவரின் மொழியில் கேட்டுவிட்டு அடுத்த நாள் நாகதீபத்தில் சமாதானக் கதை கேட்டால், இரண்டாவது கதை காதில் ஏறாது. ஆல்போர்ட் சொன்ன சம நிலை அங்கே முதல்நாளே உடைந்துவிடுகிறது. உண்மையில் நல்லிணக்கம் வேண்டுமென்றால் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைப் பார்க்கலாம். அங்கே நடைச்சுற்றுலாவில் ஃபால்ஸ் வீதிப் பகுதியைக் ஐரிஷ் குடியரசுவாதத் தரப்பின் முன்னாள் கைதி காட்டுகிறார், ஷாங்கில் பகுதிக்கு வந்ததும் எதிர்த்தரப்பான பிரித்தானிய ஆதரவாளரின் முன்னாள் கைதி பொறுப்பெடுக்கிறார். பயணி இரண்டு கதையையும் கேட்கிறார். யாரும் தங்கள் கதையைச் சுருக்கிக்கொள்வதில்லை.

அதை இங்கே செய்வது கடினமல்ல. 20 பேருக்கு மேற்படாத குழு, பாதிப்பேர் தெற்கு, பாதிப்பேர் வடக்கு. ஒரு சிங்கள வழிகாட்டி, ஒரு தமிழ் வழிகாட்டி. விகாரையில் தமிழ் வழிகாட்டி மணிமேகலையைச் சொல்ல, கோயிலில் சிங்கள வழிகாட்டி பராக்கிரமபாகுவின் கல்லைப் படிக்க வேண்டும். அவரவர் தலத்தை அவரவரே விளக்கினால் அது பெருமை பேசுவதாக முடிந்துவிடும். மொழிபெயர்ப்புக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்க வேண்டும், பத்து நிமிடப் பேச்சு இருபது நிமிடம் ஆகும். இதை மறந்துதான் பல குழுக்கள் பிற்பகல் நிகழ்ச்சியை வெட்டிவிடுகின்றன. ஓர் இரவாவது யாழ்ப்பாணத்து வீட்டு விடுதியில் தங்கவேண்டும், இருவருக்கு ஓர் அறை, இனம் கலந்து. கடினமான கேள்விகளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். படகிலோ சந்நிதியிலோ எடுக்கக் கூடாது.

இரண்டு தரப்பு என்று மட்டும் எண்ணுவதிலும் தவறு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரின் சோனகத் தெருவில் திரும்பிவந்த குடும்பங்கள் இன்றும் இடிந்த சுவர்களுக்கு நடுவே வாழ்கின்றன. நல்லிணக்கம் பேசும் பயணத் திட்டம் எதிலும் அந்தத் தெரு இருப்பதில்லை. மறுநாள் காலை இரண்டு மணி நேரம் அங்கே ஒதுக்கினால் தமிழ்ப் பயணிகளும் கேட்கவேண்டியதைக் கேட்பார்கள். அதுபோலவே, வடக்கிலிருந்து தெற்குக்குப் போகும் தமிழருக்கு இப்படியொரு ஏற்பாடு அரிது. கதிர்காமத்துக்கும் சிவனொளிபாதமலைக்கும் நாம் போய்வருகிறோம், ஆனால் வழியில் ஒரு சிங்களக் கிராமத்து வீட்டில் ஒருவேளை உண்டு வந்தவர் எத்தனை பேர்?

நாள் தேர்வு பற்றி ஒரு சொல். போயா (பௌர்ணமி) தினங்களிலும் பாடசாலை விடுமுறையிலும் நெரிசல் மிகுதி, ஆனால் சந்திப்பும் அப்போதுதான். கோயிலின் 16 நாள் பெருந்திருவிழா ஆனி மாதத்தில் வருகிறது, தேரன்று கால் வைக்க இடமிராது. அமைதியாகப் பார்க்க விரும்புவோர் சாதாரணச் செவ்வாய், புதனில் போகலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வரும் தமிழ்நாட்டு நண்பர்கள் யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை புறப்பட்டால் சரியாக இருக்கும்.

திரும்பும்போது பனங்கட்டி, புழுக்கொடியல் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு), நல்லெண்ணெய் வாங்குங்கள். தெற்கத்தியர் விரும்பி வாங்குவதும் இவைதான், கடைக்காரப் பெண்கள் விலையைச் சிங்களத்தில் சொல்லப் பழகியிருக்கிறார்கள். பனங்கட்டி வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். சீனி கலந்தது பளபளப்பாக உடையும், பனைவெல்லம் மட்டும் உள்ளது மங்கலாகப் பொடியும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தீவில் இறங்கும்போதே ஓட்டியிடம் கேட்டுவையுங்கள், அதற்கு முந்தைய படகிலேயே ஏறிவிடுங்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் குறிகட்டுவானில் யாழ்ப்பாணப் பேருந்தும் போயிருக்கும்.